"நீங்க வேதக்காரங்களா?" என்று பக்கத்து சீட்டில் கேட்டால்

ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

வயது 26. ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. சின்ன வயதிலிருந்து சபைக்குப் போகிறேன், வாலிபர் கூட்டத்தில் பாட்டு நடத்துகிறேன். ஆனால் வெளியாட்களிடம் ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை பேச வாய் வருவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பைபிளைப் பார்த்துவிடுவாரோ என்று பைக்குள் தள்ளிவிடுகிறேன். தைரியம் இல்லாதவனுக்கு விசுவாசமும் இல்லை என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். அன்றிலிருந்து மனசு சரியில்லை. தைரியம் எப்படி வரும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2 ஜூன் 2024

தம்பி, கூட்டத்தில் சொன்னதை நான் ஏற்கவில்லை. எபேசு சபைக்கு எழுதும்போது பவுல் என்ன கேட்கிறார் பாருங்கள்: நான் தைரியமாகப் பேச எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது, பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன் என்கிறார். அத்தனை ஊர் சுற்றி, அத்தனை அடி வாங்கிய மனிதரே கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. உங்களுக்கு மட்டும் தானாக வந்திருக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்?

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு 48 வயது. சென்னையில் ஒரு அலுவலகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். தினமும் காட்பாடியிலிருந்து காலை ரயில், 130 கிலோமீட்டர். 2003-ல் ஒரு நாள், வாலாஜா ரோடு தாண்டியதும் பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மா என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, நீங்க வேதக்காரங்களா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். "ஆமா" என்றேன். அவர் அடுத்து ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அரக்கோணத்தில் அவர் இறங்கும்வரை தலையைத் திருப்பவில்லை. அவர் என்ன கேட்க வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இருபது வருடமாக அந்தப் பூக்கூடை என் கண்ணில் இருக்கிறது. அதனால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

2 ஜூன், இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. பழக்கம் உதவும். 1994-ல் எங்கள் சபை வாலிபர் சங்கத்தோடு வேலூர் பஸ் நிலையத்தில் கைப்பிரதி, அதாவது ஆண்டவரைப் பற்றிய துண்டுக் காகிதம், கொடுக்கப் போனேன். முதல் பத்துப் பேரிடம் கை நடுங்கியது. ஐம்பதாவது ஆளிடம் நடுங்கவில்லை. நீங்களும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேராகப் போய் ஆரம்பித்துப் பாருங்கள்.

5 ஜூன்

மேலே 2-ம் தேதி இரவு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

குடியாத்தத்துச் சகோதரி கேட்ட கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. "ஐம்பதாவது ஆளிடம் கை நடுங்காமல் போனது தைரியம் வந்ததாலா, இல்லை அந்த ஆளைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டதாலா?" என்று கேட்டிருக்கிறார். யோசித்தேன். ஐம்பதாவது ஆளின் முகம் எனக்கு நினைவில் இல்லை. கை நடுங்கிய முதல் பத்துப் பேரில் மூன்று முகம் இன்றும் நினைவிருக்கிறது.

அதில் ஒருவர் ஆரணி பஸ்ஸுக்குக் காத்திருந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள்ளிருந்து எக்ஸ்ரே உறை நீட்டிக்கொண்டிருந்தது. கைப்பிரதியை வாங்கி, நின்ற இடத்திலேயே முழுதும் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "படிக்கத் தெரிஞ்சவன்னு நெனச்சுக் குடுத்தியே, சந்தோஷம்மா" என்றார். நான் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டேன். அந்த எக்ஸ்ரே யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குக் கையிலிருந்த கைப்பிரதிக் கட்டு தீர வேண்டும், அவ்வளவுதான். அன்று எத்தனை கைப்பிரதி கொடுத்தோம் என்று சபையில் எண்ணிக்கை சொன்னோம், கை தட்டினார்கள்.

கைப்பிரதியே தப்பு என்று சொல்லவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தால் வாழ்க்கை திரும்பியவர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். ஆனால் நடுக்கம் போவதைத் தைரியம் என்று நான் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பு.

9 ஜூன்

"வேலூரில் ஆஸ்பத்திரியே பெரிய சாட்சி, வாய் எதற்கு?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் இதை அடிக்கடி கேட்கலாம். பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன்.

வேலூர் சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை, ஆரம்பித்த ஐடா ஸ்கடர் கதை வேலூர்க் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியிலேயே தெரியும். 1890களில், திண்டிவனத்தில் அப்பா வீட்டுக்கு வந்திருந்த இளம்பெண். மிஷனரியாகும் எண்ணமே அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டுகிறார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூவரின் மனைவிகளுக்கும் பிரசவ வேதனை. அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்கள் மூவரும். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அவர் அமெரிக்கா போய், 1899-ல் கார்னெலில் மருத்துவம் முடித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரி வந்தது.

இந்தக் கதையில் எல்லோரும் ஐடாவின் அர்ப்பணிப்பைச் சொல்வார்கள். நான் ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் அந்த மூன்று ஆண்களைக் கவனித்தேன். நடுராத்திரியில், முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, என் மனைவி சாகிறாள், வாருங்கள் என்று கேட்க எத்தனை தைரியம் வேண்டும்! முதலில் வாய் திறந்தவர்கள் அவர்கள்தான். கொடுத்த உதவியை வேண்டாம் என்று சொன்னவர்களும் அவர்கள்தான். அந்த 'வேண்டாம்' என்ற சொல்லோடு ஐடா நின்றுவிடவில்லை. அவர்களால் ஏற்றுக்கொள்ள முடிந்த ஒருவராகத் திரும்பி வருவதற்கு வருடங்கள் செலவழித்தார்.

அப்புறம், வாய் வேண்டாம் என்பதும் சரியில்லை. மாற்கு 10:45-ல் உள்ள 'ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய' என்ற வார்த்தைதான் சி.எம்.சி.யின் குறிக்கோள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டால் அந்த வசனத்தைச் சொல்லத்தானே வேண்டும்?

11 ஜூன்

வெளியாட்களிடம் ஆண்டவரைப் பற்றிப் பேசச் சட்டம் இடம் தருகிறதா என்று கேட்ட வாணியம்பாடி நண்பருக்குச் சுருக்கமாக. அரசியலமைப்பின் 25-வது பிரிவு மதத்தை ஏற்கவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு. பரப்புவது என்றால் தன் மதக் கருத்துகளை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

ரயிலில் ஒருவர் கேட்டு நீங்கள் பதில் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. தம்பியைத் தடுப்பது சட்டமும் அல்ல என்று நினைக்கிறேன்.

16 ஜூன்

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

சென்னை வேலையை விட்டபிறகு தோட்டப்பாளையத்தில் அம்மா வீட்டோடு இருக்கிறேன். மாடியில் நாலு அறை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். வங்காளம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். பாபு ராவ் தெருவில் வங்காளி எழுத்தில் போர்டு இருப்பதை வேலூருக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். சித்தூர்க்காரர்களும், திருவண்ணாமலை பக்கத்து ஆட்களும் வருவார்கள்.

2017-ல் செங்கம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து தங்கினார். மனைவிக்கு வயிற்றில் கட்டி. நிலக்கடலை விவசாயி. காலையில் குளித்துவிட்டு விபூதி பூசிக்கொண்டு, மாடி வராந்தாவில் கிழக்கே பார்த்து நிற்பார். நான் காபி கொண்டுபோய் வைப்பேன். பத்து நாள் பேச்சு அவ்வளவுதான். பதினோராவது நாள் ராத்திரி படியில் உட்கார்ந்திருந்தார். "அம்மா, நாளைக்கு ஆபரேஷன். என் சாமிகிட்ட சொல்லிட்டேன். நீங்க உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

சபையில் எத்தனையோ முறை ஜெபித்திருக்கிறேன். நம்மவர் அல்லாத ஒருவர் முன்னால் வாய்விட்டு ஜெபித்தது அன்றுதான். நான்கு வரி வந்திருக்கும். 'கர்த்தாவே, கிருபாசனத்தண்டை' என்று நாம் பழகிய வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. "இயேசுவே, இந்த அம்மாவைக் காப்பாத்துங்க, இவரு தனியா போய்டுவாரு" என்றுதான் வந்தது. பாதியில் அழுதுவிட்டேன்.

அந்த அம்மா பிழைக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து ஆறாவது நாள் போய்விட்டார்.

பெரியவர் அறையைக் காலி செய்துகொண்டு கிளம்பும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இனி இவரிடம் எந்த முகத்தோடு ஆண்டவரைப் பற்றிப் பேசுவேன் என்று இருந்தது. நாலு மாதம் கழித்து ஒரு நாள் மதியம் வாசலில் நிற்கிறார். ஒரு மூட்டை வேர்க்கடலையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். சாப்பிட்டார். அப்புறம் கேட்டார்: "அன்னிக்கு எங்க வூட்டுக்காரம்மாவுக்காக அழுதீங்களே. அவங்கள நீங்க ரெண்டு தடவதான் பாத்திருப்பீங்க. ஏன் அழுதீங்க?"

அதற்கு நான் சொன்ன பதில்தான் என் வாழ்க்கையில் ஒரு வெளியாளிடம் நான் முழுதாகச் சொன்ன முதல் சாட்சி. லாசரு இறந்தபோது இயேசு அழுததைச் சொன்னேன். சாகிற வீட்டில் கூட உட்கார்ந்து அழுகிற கடவுளைத்தான் எனக்குத் தெரியும், அவரிடமிருந்து கற்றதுதான் என்றேன். உங்கள் மனைவி ஏன் பிழைக்கவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சாயங்காலம் செங்கம் பஸ் ஏறினார். அதே விபூதிதான் நெற்றியில். அதன்பிறகும் இரண்டு முறை வந்து போனார்.

பயமே இல்லை அன்றைக்கு. பிறகு யோசித்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

18 ஜூன்

16-ம் தேதிக் குறிப்பைப் படித்த ஒருவர், கிறிஸ்தவர் அல்ல, நேராகவே கேட்டிருக்கிறார்: "நீங்கள் வீட்டுக்காரர், அவர் வாடகைக்கு வந்தவர். மனைவி சாகக் கிடக்கிறாள். அப்படிப்பட்டவரிடம் மதம் பேசுவது நியாயமா?"

நியாயமான கேள்வி. அவராகக் கேட்டார் என்று நான் பதில் சொல்லலாம். ஆனால் அது மட்டும் போதாது. என் அறையில் தங்கியிருப்பவர் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து ஒன்றைச் சொல்ல வாய்ப்பிருக்கிறது. கட்டிலில் கிடப்பவர் எழுந்து போக முடியாது. அதனால் சில வருடமாக எனக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். மாடியில் தங்குபவர்களிடம் நானாக ஆரம்பிப்பதில்லை. கேட்டால் ஒளிப்பதும் இல்லை. நான் பேசுவதைக் கேட்காமல் எழுந்து போகிற வசதி எதிராளிக்கு இருக்க வேண்டும்.

சபையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "ஆத்துமா அழிகிறது, நீ வசதி பார்க்கிறாயா?" என்று ஒரு அக்கா கோபித்துக்கொண்டார். பணக்காரனான அந்த வாலிபன் துக்கத்தோடு போனபோது இயேசு பின்னால் ஓடவில்லையே அக்கா என்றேன். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார், போக விட்டார். என் மனம் இதில் மாறவில்லை.

23 ஜூன்

பேச்சு கொஞ்சம் வேறு பக்கம் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மெயின் பஜாரில் நான் மளிகை வாங்கும் பாய் கடை. பாங்கு சொன்னதும், "அக்கா, தொழுதுட்டு வந்துடறேன், பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். பெரிய மனிதர் வந்து நின்றாலும் அப்படித்தான். அவர் முகத்தில் ஒரு கூச்சம் கிடையாது, எனக்குப் பாடம் எடுக்கும் எண்ணமும் கிடையாது. பசிக்கிறது, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்பதுபோலச் சொல்வார்.

தம்பி பைபிளைப் பைக்குள் தள்ளுவதாக எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த பாய்தான் ஞாபகம் வந்தார். பேசுவதற்கு முன்னால் ஒளிக்காமல் இருப்பது என்று ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை நீங்கள் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டாம். பைபிள் மடியில் இருக்கட்டும். இப்போதைக்கு அது போதும்.

10 ஜூலை

இன்று காலை கோட்டைப் பக்கம் நடக்கப் போனேன். இன்றைய தேதிதான். 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த நாள்.

இந்த இழையில் முன்பு எங்கோ, வேலூர் மக்கள் கிறிஸ்தவத்துக்குப் பழகினவர்கள், கேட்டால் கோபப்பட மாட்டார்கள் என்று யாரோ எழுத நானும் ஆமாம் போட்டிருந்தேன். கோட்டைச் சுவரைப் பார்த்தபோது அது அவ்வளவு லேசான விஷயம் இல்லை என்று தோன்றியது. நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டது. எங்களைக் கிறிஸ்தவர்களாக்கப் போகிறார்கள் என்று சிப்பாய்கள் பயந்தார்கள். அந்தக் கலகத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, திப்பு சுல்தானின் குடும்பம் அப்போது கோட்டைக்குள்தான் சிறை இருந்தது. ஆனால் பயம் உண்மையானது. நூற்றுக்கணக்கான உயிர் போயிற்று.

நாம் எப்போதும் பேசுகிறவனின் பயத்தைப் பற்றியே பேசுகிறோம். கேட்கிறவருக்கும் பயம் உண்டு. இவள் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறாள், என் வீட்டை, என் குலசாமியை விடச் சொல்வாளோ, என் பிள்ளையை இழுப்பாளோ என்ற பயம். எங்கள் ஊரில் அதற்கு இருநூறு வருடத்துக்கு மேல் வயது. செங்கத்துப் பெரியவரிடம் எனக்குப் பயம் வராததன் காரணம் இப்போது புரிகிறது. அன்று அவரிடமிருந்து எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

14 ஜூலை

இதுவரை எழுதாத ஒன்று. எழுதாமல் மீதியெல்லாம் எழுதி என்ன பிரயோஜனம்?

2003-ல் அந்தப் பூக்காரம்மா கேட்டபோது நான் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பினேன்? கூச்சம் என்று இருபது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கூச்சம் இல்லை. "வேதக்காரங்களா?" என்பதற்கு ஆமா என்றால், அடுத்த கேள்வி எந்த ஊர், எந்தத் தெரு என்று வரும். வட ஆற்காட்டில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இங்கே படிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஜாதியை நேராகக் கேட்காமல் கேட்பது.

1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் ஆரம்பித்த ஆற்காடு மிஷன் காலத்தில் எங்கள் முன்னோர் சேரியிலிருந்து சபைக்கு வந்தவர்கள். என் தாத்தா உபதேசியார். சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போவார். யோவான் 4-ஐ அவர் பிரசங்கிப்பதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார், யூதன் என்னிடம் எப்படிக் கேட்கலாம் என்று அவள் ஆச்சரியப்படுகிறாள். அந்த இடத்தில் தாத்தா நிறுத்திவிடுவார். கொஞ்ச நேரம் பேசமாட்டார். அவர் போகிற ஊர்களில் தண்ணீர் கேட்டால் கையைக் குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். ஊற்றாத வீடும் உண்டு. அப்படிப்பட்ட தெருவில் நின்று, தண்ணீர் ஊற்றாதவரிடம் ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேசியிருக்கிறார் அந்த மனிதர். தைரியம் என்றால் எனக்கு அவர்தான்.

நான் படித்தேன், வேலைக்குப் போனேன், நல்ல புடவை கட்டினேன். ரயிலில் என்னைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. கிறிஸ்தவள் என்று சொன்னால் அந்தச் சௌகரியம் போய்விடும். ஆண்டவரைச் சொல்ல எனக்கு வெட்கம் இருந்ததில்லை. என் தாத்தாவைச் சொல்லத்தான் வெட்கப்பட்டேன். இதை எழுதும்போது நெஞ்சு வலிக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1950-ம் வருட ஜனாதிபதி ஆணைப்படி, கிறிஸ்தவராகிவிட்டால் பட்டியல் இனச் சலுகை கிடையாது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழ்கிற குடும்பங்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும். அவர்களைப் பார்த்து "உங்களுக்குத் தைரியம் இல்லை" என்று மேடையிலிருந்து சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையின் படிப்பையும் வேலையையும் கையில் பிடித்துக்கொண்டு வாய் மூடியிருக்கிறார்கள். அவர்களிடம் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

என்னிடம் கேட்கிறேன். எனக்கு அப்படி இழக்க ஒன்றும் இல்லையே.

15 ஜூலை

நேற்றைய குறிப்புக்கு வந்தவை எல்லாவற்றையும் படித்தேன். பதில் எழுத இன்று முடியவில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "உங்க தாத்தா சைக்கிள் பெல்ல தொடச்சு வெச்சுட்டுத்தான் தூங்குவாரு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இது ஜாதி விவாதமாக மாறிவிட்டது, தலைப்புக்கு வாருங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதுதான் ஐயா தலைப்பு.

28 ஜூலை

தம்பி எழுதியிருக்கிறார்! மூன்று வாரமாகப் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு போகிறாராம். ஒரே ஒருவர்தான் பேசினாராம். "தம்பி, சிப்காட் வந்தா எழுப்பு" என்று சொல்லிவிட்டு நம் தம்பியின் தோளிலேயே தூங்கிவிட்டாராம். படித்துவிட்டு அம்மாவும் நானும் ரொம்ப நேரம் சிரித்தோம். நம்பி சாய்ந்து தூங்கியிருக்கிறார் பாருங்கள். நல்லதுதான்.

கூடவே, "உண்மையில் என்ன வார்த்தை சொல்வீர்கள், ஒரு மாதிரி சொல்லுங்கள் அக்கா" என்றும் கேட்டிருக்கிறார். மனப்பாடம் செய்ய ஒன்றும் தர மாட்டேன். நான் பிடித்துக்கொண்டிருப்பது யோவான் 9-ல் வரும் பிறவிக் குருடன். படித்தவர்கள் சுற்றி நின்று அவனைக் குடைகிறார்கள். அவன் முதலில் தர்க்கத்துக்குப் போகவில்லை. "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்கிறான். எனக்கு நடந்தது எதுவோ அதைச் சொல்கிறேன், நடக்காததைச் சேர்ப்பதில்லை. அவருடைய சாமியைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசுவதில்லை. தெரியாததைத் தெரியாது என்கிறேன். நம் சபைப் பாஷை வெளியாளுக்குப் புரியாது. 'இரட்சிப்பு' என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் எப்படி மாறுகிறது என்று. 'ஆண்டவர் என்னைக் கைவிடவில்லை' என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

பேதுரு எழுதியதிலும், கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் இருக்கிறது. வணக்கத்தோடும் என்ற வார்த்தையை இத்தனை வருடம் தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறேன். ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கே பயந்து, அவரைத் தெரியாது என்று சொன்ன பேதுரு எழுதியது இது.

11 ஆகஸ்ட்

வெள்ளிக்கிழமை சென்னையில் ஒரு கல்யாணம். காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் போனேன். ஜன்னலோர சீட் காலியாக இருந்தது, நடு சீட்டில் உட்கார்ந்தேன். சோளிங்கரில் ஒரு பெண் ஏறினார், முப்பது வயது இருக்கும், கைக்குழந்தை. சோளிங்கர் மலைக்கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார், நெற்றி நிறையக் குங்குமம். குழந்தை அழுதது, நான் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டேன். பேச்சு வந்தது. குழந்தைக்கு இருதயத்தில் ஓட்டை, போன வருடம் ஆபரேஷன் ஆகி நன்றாக இருக்கிறது, வேண்டுதலை முடித்துவிட்டு வருகிறேன் என்றார். என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "நீங்க கிறிஸ்டினாக்கா?" என்றார்.

"ஆமாம்மா. ஆற்காடு பக்கம் எங்க பூர்வீகம். எங்க தாத்தா அங்க சேரியில உபதேசியாரா இருந்தாரு" என்றேன். கேட்கும் முன்பே அதையும் சொல்லிவிட்டேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். குழந்தையைத் திரும்ப வாங்கவில்லை. "உபதேசியார்னா என்ன பண்ணுவாங்கக்கா?" என்று கேட்டார்.

அரக்கோணம் வருவதற்குள் சைக்கிள் வரைக்கும்தான் சொல்ல முடிந்தது. அவர் பெரம்பூர்வரை வருவதாகச் சொன்னதால் மீதியையும் சொன்னேன்.